மாயாவியின் கை, கொழுந்து பறிக்கும் கை: சித்திரக்கதைகளிலிருந்து பிறக்கும் கலைக்கு ஓர் எளிய அறிமுகம்

சித்திரக்கதைப் புத்தகம், தொலைக்காட்சிக் கார்ட்டூன், சினிமாச் சுவரொட்டி, பிஸ்கட் தகரத்தின் மூடி, கடைக்காரர் புதுவருடத்துக்குக் கொடுக்கும் நாட்காட்டி. இவற்றையெல்லாம் ஓவியம் என்று நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. பழசானதும் அடுப்புக்குப் போகும், அல்லது சாமான் சுற்றப் பயன்படும். ஆனால் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இன்று மாட்டப்பட்டிருக்கும் பல ஓவியங்கள் இத்தகைய மலிவான அச்சுப் படங்களிலிருந்து பிறந்தவை.

எளிதாகச் சொன்னால் இந்தக் கலை இப்படித்தான் உருவாகிறது: எல்லோருக்குமாக ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு படத்தின் கோட்டையோ வண்ணத்தையோ கட்டங்களையோ பாத்திரத்தையோ ஓவியர் எடுத்துக்கொள்கிறார். அதனோடு தன் நினைவையும் தன் ஊரையும் சேர்க்கிறார். இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வருகிறது. ஸ்பைடர்மேனைப் பார்த்து அப்படியே கொப்பியில் வரைவது நல்ல பயிற்சி, கை பழகும். அதே ஸ்பைடர்மேன் நுவரெலியா சந்தையில் லீக்ஸ் மூட்டை சுமந்துகொண்டு மழையில் நிற்பதாக வரைந்தால், பார்ப்பவர் மனதில் ஒரு கேள்வி எழுகிறது. இவ்வளவு பலம் உள்ளவன் ஏன் மூட்டை சுமக்கிறான்? நம் ஊரில் மூட்டை சுமப்பவர்களுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது? அந்தக் கேள்வி எழும் இடத்தில்தான் நகல் முடிந்து கலை தொடங்குகிறது.

புள்ளிகளின் கதை

1956இல் லண்டனில் நடந்த ஒரு கண்காட்சிக்காக ரிச்சர்ட் ஹாமில்டன் என்பவர் சஞ்சிகைகளிலிருந்து வெட்டிய படங்களை ஒட்டி ஒரு வீட்டு வரவேற்பறையை உருவாக்கினார். உடற்பயிற்சி வீரர், தொலைக்காட்சிப் பெட்டி, தகர டின்னில் அடைத்த இறைச்சி, சுவரில் சட்டமிட்டு மாட்டிய சித்திரக்கதை அட்டை என்று விளம்பரங்களில் வந்த பொருள்களெல்லாம் அந்த அறையில் நிறைந்திருந்தன. பொப் ஆர்ட் என்று பின்னர் அழைக்கப்பட்ட வெகுசனக் கலையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. 1962இல் அமெரிக்காவின் ஆண்டி வார்ஹோல் ஒரே நிறுவனத்தின் சூப் டின்களை 32 ஓவியங்களாக வரைந்து, கடைத் தட்டில் அடுக்குவதுபோல வரிசையாக வைத்தார். தினமும் கண்ணில் பட்டும் நாம் பார்க்காமல் விடும் பொருளை நின்று பார்க்க வைத்ததுதான் அவர் செய்த காரியம்.

சித்திரக்கதையோடு நேரடியாக உறவு கொண்டவர் ரோய் லிச்டென்ஸ்டைன். அவருடைய ஓவியங்களை முதன்முறை பார்ப்பவர் கவனிப்பது புள்ளிகளை. முகம் முழுவதும் சிவப்புப் புள்ளி, வானம் முழுவதும் நீலப் புள்ளி. அவை வந்த வழி தெரிந்தால் இந்தக் கலையில் பாதி புரிந்துவிடும்.

பழைய சித்திரக்கதைகள் மிக மலிவான தாளில், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கே மைகளில் அச்சாயின. இளஞ்சிவப்புக்குத் தனி மை வாங்கினால் செலவு கூடும். ஆகவே வெள்ளைத் தாளில் சிவப்பைச் சிறு புள்ளிகளாக இடைவெளி விட்டு அச்சடித்தார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் கண் அதை இளஞ்சிவப்பாக எடுத்துக்கொள்ளும். மஞ்சளோடு நீலப் புள்ளி சேர்ந்தால் பச்சை. 1879இல் பெஞ்சமின் டே என்ற அமெரிக்கர் இந்த முறையை உருவாக்கியதால் அவற்றுக்கு பென் டே புள்ளிகள் என்று பெயர் வந்தது. செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த உபாயம் அது. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே அதன் வெற்றி. லிச்டென்ஸ்டைன் அதைப் பூதக்கண்ணாடி வைத்ததுபோலப் பெரிதாக்கிக் கன்வஸில் கையால் வரைந்தார். மறைந்திருக்க வேண்டிய புள்ளி முன்னால் வந்து நின்றது. 1963இல் அவர் வரைந்த ஒரு போர் விமானக் காட்சி, சித்திரக்கதையில் உள்ளங்கை அளவு கட்டமாக இருந்தது. ஓவியத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் அகலம். இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே மனதை உறுத்தும் ஒரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த விமானக் காட்சிக்கு மூலமான கட்டத்தை வரைந்தவராகக் கருதப்படுபவர் இர்வ் நோவிக் என்ற சித்திரக்கதை ஓவியர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வேலை செய்தவர்களில் ஒருவர். பெரிய ஓவியத்தின் புகழிலும் பணத்திலும் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. லிச்டென்ஸ்டைன் மாற்றி அமைத்தார், பெரிதாக்கினார், புதிய பொருள் கொடுத்தார் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் கோட்டை இழுத்த கையின் பெயர் மறைந்துபோவது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. உழைப்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டைத் தலைமுறைகளாகப் பார்த்துவரும் மலையகத்தவருக்கு இது எளிதில் விளங்கும்.

கட்டம் கட்டமாகக் கதை சொல்வது மேற்கே பிறந்த வித்தை என்று நினைத்துவிடவும் வேண்டாம். கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொறுவ குகை விகாரைக்குப் போய்ப் பாருங்கள். நாயக்க வம்சத்து மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. சிவப்புப் பின்னணி, பட்டை பட்டையாகப் பிரித்த சுவர், ஒரே பாத்திரம் மீண்டும் மீண்டும் தோன்றி அடுத்தடுத்த செயல்களைச் செய்கிறது. சித்திரக்கதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சுவரையும் வாசிக்க முடியும்.

நமக்கு வந்து சேர்ந்த படங்கள்

மலையகத்தில் வளர்ந்த ஒருவருடைய சின்ன வயதில் என்னென்ன படங்கள் இருந்தன? முதலில் அம்புலிமாமா. 1947 ஜூலையில் தொடங்கிய அந்தச் சஞ்சிகையில், வாளை உருவிக்கொண்டு வேதாளத்தின் உடலைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தவர் சங்கர், 2020இல் மறைந்தார். அந்த ஒரு படத்தை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே ஏராளம்.

பிறகு சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். 1972இல் வெளிவந்த அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. வலது கை இருந்த இடத்தில் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். அவன் பிறந்தது 1962இல், பிரிட்டனில் வெளிவந்த ஒரு சிறுவர் வார இதழில். அவனை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். ஸ்பானியக் கை வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசக் கற்று, கடல் தாண்டி ஹட்டன் கடைத்தெரு வரை வந்திருக்கிறான். நம் நினைவுகளை 'நம்முடையவை' என்று சொல்கிறோம். அவை நம்மிடம் வந்து சேர எத்தனை கைகள் வேலை செய்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கையில் இருந்த புத்தகம்தான் புத்தகம். அட்டை கிழிந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போய், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் கைமாறின. முடிவு தெரியாத கதைக்குப் பிள்ளைகளே முடிவு கட்டிக்கொண்டார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 உடன்படிக்கைப்படி இந்தியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்களோடு பல சிநேகங்களும் அறுந்துபோன காலம் அது.

1982இல் ரூபவாஹினி என்ற அரச தொலைக்காட்சி வந்தது. மின்சாரம் எட்டாத தோட்டங்களில் கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சுற்றி ஒரு லயமே உட்கார்ந்திருக்கும். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுக்கச் செய்த கார்ட்டூன்களைத் தமிழ்ப் பிள்ளைகளும் பார்த்தார்கள். மொழி முழுதாகப் புரியாத வயதிலும் ஒரு முயலின் குறும்பு புரிந்தது. அந்த முயலோடு கொஞ்சம் சிங்களமும் ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது லயத்துச் சுவர். 10 அடிக்கு 12 அடி காம்பராவில், கரி படிந்த சுவரை மறைக்கவும் குளிர்காற்றைத் தடுக்கவும் பழைய பத்திரிகைத் தாளையும் சஞ்சிகைப் பக்கங்களையும் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். அதன்மேல் சிவகாசியில் அச்சான நாட்காட்டி முருகன். பக்கத்தில் எம்.ஜி.ஆர். அதற்குக் கீழே ஒரு பால்மா விளம்பரம். அந்த நாட்காட்டிப் படங்களுக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. ஹாமில்டன் கத்தரித்து ஒட்டிய அறையை மேலே பார்த்தோம் அல்லவா? நம் பாட்டிமார் தாங்கள் வாழும் அறையையே அப்படி ஒட்டி வைத்திருந்தார்கள். கண்காட்சிக்காக அல்ல, குளிருக்காக. ஆனால் முருகன் எங்கே, எம்.ஜி.ஆர். எங்கே, எந்தப் படம் வாசலைப் பார்த்திருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவுகள் கலைஞரின் முடிவுகள்தான்.

இனிப்பு மட்டும் போதாது

சின்ன வயது நினைவைக் கருவாக எடுத்தவுடன் ஓர் ஆபத்து வந்து நிற்கிறது. எல்லாம் அழகாகத் தெரியத் தொடங்கும். பனி, ரயில், பச்சை மலை, சிரிக்கும் பிள்ளை. சுற்றுலா அட்டைகளில் ஏற்கெனவே நிறைய இருக்கும் படம் அது.

தேயிலைப் பக்கெட்டைப் பாருங்கள். 1890இல் இங்கே தோட்டம் வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்க் கேத்தலுக்கு என்ற பொருளில் விளம்பரம் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை பக்கெட்டிலும் சுவரொட்டியிலும் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். படங்கு என்ற முரட்டுத் துணி கட்டிய இடுப்பின் வலி அதில் இல்லை. அட்டைக்கடி இல்லை. மலையகப் பெண்ணின் உருவம் உலகம் முழுவதும் அச்சாகிப் பரவியிருக்கிறது. அதை வரைந்ததில் அவளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ பங்கில்லை. ஆகவே மலையகத்தில் ஒருவர் வெகுசனப் படங்களை எடுத்து மாற்றி வரையும்போது, அது பழைய நினைவில் திளைப்பதோடு நின்றுவிடுவதில்லை. நம்மைப் பற்றி மற்றவர்கள் அச்சடித்த படத்துக்கு நாம் எழுதும் பதிலும் ஆகிவிடுகிறது. ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையக ஓவியர்கள் தேயிலைத் தோட்ட வாழ்வையே தங்கள் கலையின் மையமாக்கியிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை எப்படிச் செய்வது என்பதற்கு நியூயோர்க்கில் பிறந்த, இந்தியப் பூர்வீகம் கொண்ட சித்ரா கணேஷ் ஒரு நல்ல முன்னோடி. 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதா வரிசையின் புராணக் கதைகளைப் படித்து வளர்ந்தவர் அவர். 2002இல் அந்தப் புத்தகங்களின் கோட்டையும் வண்ணத்தையும் பேச்சுக் குமிழியையும் அப்படியே வைத்துக்கொண்டு, கதையை மட்டும் மாற்றினார். மூலக் கதையில் அடங்கி நின்ற பெண்கள் இவருடைய கட்டங்களில் தாங்களே பேசுகிறார்கள். தான் நேசித்த புத்தகத்திடமே அவர் கேள்வி கேட்டார். பாசமும் கேள்வியும் ஒரே கோட்டில் வர முடியும் என்பதைப் புதியவர்கள் இவரிடம் கற்கலாம்.

ஒரு முயற்சி

இனி உங்கள் முறை. இரும்புக்கை மாயாவியிடம் திரும்பிப் போவோம். உடல் மறைந்து கை மட்டும் தெரியும் மனிதன். இந்தக் கற்பனையை மட்டும் எடுத்துக்கொண்டு, மாயாவியையும் அவன் இரும்பையும் விட்டுவிடுங்கள். நம் ஊரில் உடல் மறைந்து கை மட்டும் தெரிபவர் யார்? தேநீரைக் குடிப்பவர் எவருக்கும் தெரியாத ஒரு முழு ஆள். விளம்பரத்தில் மட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிடித்த விரல்கள்.

ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் காலைப் பனி, தேயிலை நிரை. கூடைகள் மட்டும் காற்றில் மிதக்கின்றன; செடிக்கு மேலே, பறிக்கும் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு தானாகக் கிடக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. இரண்டாவதில் கை மட்டும், கட்டம் முழுவதும் நிறையுமளவு பெரிதாக. கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்த விரல் நுனிகளைப் புள்ளிகளால் நிரப்புங்கள். மூன்றாவதில் கொழுந்து நிறுக்கும் இடம், தராசு, பேச்சுக் குமிழிக்குள் சொல் எதுவும் இல்லை, கிலோ எண்ணிக்கை மட்டும். நான்காவது கட்டம், வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம். வாசலில் ஒரு குழந்தை கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறது. எதிரே அம்மா, தலை முதல் கால் வரை முழு உருவமாக, முழு வண்ணத்தில்.

குழந்தைக்கு அவள் ஒருநாளும் மறைந்தவளாக இருந்ததில்லை. சின்ன வயது நினைவு இந்தக் கலையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த நான்காவது கட்டத்தைக் காட்டுவேன். ஊர் உலகம் பார்க்காததைப் பிள்ளை பார்த்திருக்கிறது. அந்தப் பார்வைக்குக் கட்டமும் வண்ணமும் கொடுப்பதுதான் நம் வேலை.

கட்டங்களுக்கு இடையே விடும் வெள்ளை இடைவெளியை வீணான இடம் என்று எண்ண வேண்டாம். தராசுக்கும் பிள்ளைமடுவத்துக்கும் இடையே அவள் நடந்த தூரத்தை நீங்கள் வரையவில்லை. பார்ப்பவர் தானே நடந்து கடக்கிறார். எதை வரையாமல் விடுவது என்று தீர்மானிக்கத்தான் எனக்கு எப்போதும் அதிக நேரம் பிடிக்கும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். சித்திரக் கொப்பி, கறுப்புப் பேனா, நான்கு போஸ்டர் வண்ணங்கள். புள்ளிக்கு பென்சிலின் பின்புறத்து ரப்பரை வண்ணத்தில் தொட்டு ஒற்றினால் ஒரே அளவுப் புள்ளிகள் வரும். இன்னும் சிறிதாக வேண்டுமென்றால் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, அதைத் தாளின்மேல் வைத்து மெல்ல வண்ணம் ஒற்றுங்கள். புள்ளிகளின் வரிசை கோணினால் படம் அழுக்காகத் தெரியும். முதலில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வது நல்லது. பழைய தாளின் நிறம் வேண்டுமென்றால் தேயிலையைக் கடுஞ்சாயமாகக் காய்ச்சி, ஆறவைத்துத் தூரிகையால் பூசுங்கள். மலையகத்தில் இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

ஒலிகளுக்கும் ஆங்கிலத்தைத் தேடிப் போக வேண்டாம். துப்பாக்கிக்கு 'டுமீல்' என்று தமிழ்ச் சித்திரக்கதைகள் எப்போதோ எழுதிவிட்டன. தகரக் கூரையில் விழும் மழைக்கு நம்மிடம் 'சடசட' இருக்கிறது. அதை எழுத்தாக எழுதாமல் படமாக வரையுங்கள். கட்டத்தின் கூரையே அந்த எழுத்துகளால் ஆகியிருக்கட்டும்.

உரிமை பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே வீட்டில் பழகுவதற்கு யாரை வரைந்தாலும், விற்பதற்கோ அச்சடிப்பதற்கோ மற்றவருடைய பாத்திரத்தை எடுக்காதீர்கள். 1928இல் வந்த முதல் மிக்கி மௌஸ் படம் 2024 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்காவில் பொதுச் சொத்தானது. பின்னாளில் வந்த மிக்கி உருவங்களுக்கு அந்தத் திகதி பொருந்தாது. பெரிய பெயர் இருந்தாலும் தப்ப முடியாது. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்திலிருந்து வார்ஹோல் உருவாக்கிய படம் ஒன்றை, அவர் மறைந்த பிறகு ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்த விவகாரத்தில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரரின் பக்கமே தீர்ப்பளித்தது.

யாருடைய அனுமதியும் தேவைப்படாத நாயகர்கள் நம் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். மாசி மாதம் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் தூதனும் எமனும் வீரபத்திரரும் இறங்கி ஆடுகிறார்கள். இரவில், வெளிச்சத்தில், முகம் முழுக்க வண்ணம் பூசி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும் வீரபத்திரரைப் பார்த்துப் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளைக்கு அவர்தான் முதல் சூப்பர் ஹீரோ. அவரைச் சித்திரக்கதைக் கட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் குறைவு. உங்கள் தோட்டத்தில் அந்த வேடம் கட்டுபவரிடம் போய்ப் பேசுங்கள். எந்த நிறத்தை முதலில் பூசுகிறார், எந்தக் கோட்டைக் கடைசியில் இழுக்கிறார் என்று கேட்டு, அவர் முன்னாலேயே வரைந்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் மூலையில் உங்கள் பெயரோடு, அவர் சம்மதித்தால் அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.